கிழக்கு ஓரத்துப் பதினொரு முள்ளங்கிகள்

மதலேன்,

இந்தக் கடிதத்தை நீ பெரியவளான பிறகுதான் உன் கையில் கொடுக்க வேண்டும் என்று உன் அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இப்போது உனக்கு நாலு வயது. இதைப் பிரித்துப் படிக்கும்போது ஏறக்குறைய என் வயது ஆகியிருக்கும், எனக்கு இருபத்தெட்டு. ஆகவே அனுபவப்பட்ட பெரியவர் யாரோ எழுதுகிறார் என்று நினைத்து மரியாதையோடு படிக்காதே. உன் வயதுக்காரன் ஒருவன், முன்கோபி, வயர்லெஸ் பெட்டி ரிப்பேர் செய்வதைத் தவிர வேறு எதுவும் ஒழுங்காகத் தெரியாதவன் எழுதுகிறான். அப்படிப் படி.

விஷயம் இதுதான். நீயும் அம்மாவும் சைகோனில் கப்பல் ஏறுவதற்கு ஆறு நாள் முன்பு உன்னை அடித்தேன். புறங்கையில், இரண்டு அடி. அன்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. துறைமுகத்தில் பெட்டி தூக்கிய கூலிக்காரருக்குக் கையாட்டினாய். எனக்கு ஆட்டவில்லை. சின்னப் பிள்ளை, நாலு நாளில் மறந்துவிடும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். மறந்துவிட்டால் நல்லதுதான். மறக்காவிட்டால்? எதற்கு அடி வாங்கினோம் என்பது போய், அடி மட்டும் மனதில் தங்கிவிட்டால்? அதற்காகத்தான் எழுதுகிறேன். நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் எனக்கு வராது. உன்னைப் பார்த்ததும் கையில் ஒரு மிட்டாயைத் திணித்துவிட்டு, அத்தோடு சரி என்று இருந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

எல்லாம் முள்ளங்கியால் வந்தது. சிரிக்காதே. மழைக்காலம் தொடங்கிய மாதத்தில் உன் அம்மா மறுபடி உண்டானாள். தொடக்கத்திலிருந்தே வாந்தி; மூன்றாவது மாதத்தோடு நின்றுவிடும் என்றார்கள். அதுவரை தாங்குவாளா என்று இருந்தது. சோறு வேகிற வாசனை ஆகாது. பக்கத்து வீடுகளில் மீன் சாற்றைக் கொதிக்க வைத்தால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கன்னத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. என்னதான் வேண்டும் என்று ஒருநாள் சத்தம் போட்டுக் கேட்டேன். "முள்ளங்கிச் சாம்பார் வாசம் அடிச்சா ரெண்டு வாய் எறங்கும்னு தோணுதுங்க" என்றாள். இவ்வளவுதானா என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு பென் தான் சந்தைக்குப் போனேன். மழைக்காலத்தில் இந்த ஊருக்கு முள்ளங்கி மலையிலிருந்து லாரியில்தான் வரும். சண்டை ஓய்ந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். மலைப்பாதையில் உடைந்து கிடந்த பாலங்களுக்கு அது தெரியவில்லை. வாரத்துக்கு ஒரு லாரி வந்தால் அதிகம். வந்ததும் நார் ஓடிப்போய், அடிபட்டு, மரக்கட்டை மாதிரி இருந்தது. அம்மா அதை வெட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நாற்காலிக்குக் கால் போடலாம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. டான் சோன் நாட் விமான நிலையத்தில் நான் பார்க்கிற வேலை என்ன? சிங்கப்பூர் வரை பேசுகிற பெட்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டு மறுபடி பேச வைக்கிற வேலை. அப்படிப்பட்டவனுக்கு ஒரு முள்ளங்கி வளர்க்க வராதா? "நானே போட்டுத் தர்றேன், பாரு. நாப்பத்தஞ்சு நாள்" என்றேன். நாம் இருந்த குவார்ட்டர்ஸில் சமையலறைச் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஆறு எட்டு நீளம், இரண்டு எட்டு அகலத்தில் ஒரு துண்டு மண் கிடந்தது. மழைத்தண்ணீர் பிடிக்கிற பெரிய மண்சாடி ஒன்று அதன் ஓரத்தில். உனக்கு இந்த இடம் ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சாடிக்குப் பின்னால்தான் உன் சொப்பு சாமான்கள் இருக்கும்.

பிரெஞ்சுத் துரைசானிகளுக்குப் பூச்செடி விற்கிற கடையில் விதைப் பாக்கெட் வாங்கினேன். பிரான்சிலிருந்து வந்தது. பாக்கெட்டின் முதுகில் எந்த மாதம் விதைக்க வேண்டும், எவ்வளவு ஆழம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் என்று கட்டம் போட்டு அச்சடித்திருந்தது. கட்டம் போட்டு அச்சடித்த எதையும் நான் நம்பிவிடுவேன். படித்த படிப்பு அப்படி. ஜூன் மாதம் விதைக்கலாம், காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும் என்று இருந்தது. விட்டேன். இந்த ஊரில் ஜூன் மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு வானம் பிளந்துகொண்டு கொட்டும், உனக்குத் தெரியும். கொட்டி ஓய்ந்ததும் ஐந்து மணிக்கு நான் வேலையிலிருந்து வந்து பூவாளியை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரத்தில் நின்று பார்ப்பாள்.

"ஏங்க, இப்பத்தானே கொட்டித் தீத்துச்சு. அதுக்கு மேல எதுக்குங்க தண்ணி?"

"பாக்கெட்ல ரெண்டு வேளைன்னு போட்டிருக்கு."

"பாக்கெட்டு அடிச்சவன் இங்க வந்து நனைஞ்சு பாத்தானா?"

பூவாளியை மறுபடி நிரப்பினேன். பதினைந்தாம் நாள் தண்டெல்லாம் அடியில் கறுத்து அழுகிச் சாய்ந்துவிட்டது. பாக்கெட்டை உன் அம்மா அடுப்பில் போட்டாள். நான் விதை மட்டமானது என்றேன். உண்மை என்னவென்றால் பிரான்ஸ் நாட்டு ஜூன் வேறு, இங்கத்து ஜூன் வேறு என்பது ஆறு வருடமாக இந்த ஊரில் நனைந்துகொண்டிருக்கிறவனுக்குத் தெரியாமல் போய்விட்டது. இங்கே பிரெஞ்சு உடுப்புப் போட்டுச் சம்பளம் வாங்கிய நம் ஆட்கள் எல்லோரிடமும் இந்தக் கோளாறு உண்டு. வானத்தை அண்ணாந்து பார்க்க மாட்டோம். பபியேவை, அச்சடித்த காகிதத்தைத்தான் பார்ப்போம். பபியேவில் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

இரண்டாம் தடவை ஆகஸ்டில். இந்த முறை பாத்தியை ஒரு முழம் உயர்த்தினேன். குதிரைவண்டிகள் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு மூட்டைச் சாணம் கொண்டுவந்து கொட்டினேன். ஒரு மூட்டை போதும் என்று வண்டிக்காரன் சொன்னான். ஒன்று நல்லதென்றால் இரண்டு அதைவிட நல்லது என்று எனக்குப் பட்டது. இலை வந்தது பார், உன் இடுப்பு உயரம்! நீ அதற்குள் ஒளிந்து விளையாடினாய். தினமும் காலையில், "பப்பா, முள்ளங்கி வந்துச்சா?" என்று கேட்பாய். "வரும், வரும், கையை வைக்காதே" என்பேன். ஐம்பதாம் நாள் பிடுங்கினால் கீழே எலிவால். ஒன்றிரண்டு கொஞ்சம் பருத்திருந்தவையும் கால் விரித்து இரண்டாகப் பிளந்து கிடந்தன. வீடு கட்டியவர்கள் மிச்சச் செங்கல்லையெல்லாம் அங்கேயே புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேர் கல்லில் முட்டி இரண்டாகிவிட்டது. நான் தோண்டிப் பார்க்காமலே மேலே மண்ணைக் கொட்டியிருந்தேன். உன் அம்மா அந்த இலையைக் கடைந்து வைத்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். அதுவும் தங்கவில்லை.

இந்த இடத்தில் தூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹோக் மோன் பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர் வீட்டுப் பையன், என்னைவிட நாலைந்து வயது சின்னவன். தூ என்றால் நாலு; இந்தத் தெற்குப் பக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், வீட்டுப் பிள்ளைகளை மூத்ததிலிருந்து இரண்டு, மூன்று என்று எண்ணி அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். என் வேலையை இனிமேல் இந்த ஊர்க்காரன் பார்க்க வேண்டும், அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, அவன் தேறினான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் போகலாம் என்று உத்தரவு. என் நாற்காலியில் உட்காரப் போகிறவனுக்கு நானே நாற்காலியைத் துடைத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு எரிந்தது. அவன் நல்லவன் என்பதில் இன்னும் எரிந்தது.

எலிவால் கதையை நான் வேலையிடத்தில் எரிச்சலோடு சொல்லிக்கொண்டிருந்தபோது தூ சிரித்துவிட்டான். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பிடி விதையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தான். மேலாளைப் பிரெஞ்சில் ஷெஃப் என்பார்கள், என்னையும் அப்படித்தான் கூப்பிடுவான். "ஷெஃப், இது எங்க அம்மா எடுத்து வச்ச விதை. நீளமா, வெள்ளையா வரும். மழை நின்ன பிறகு போடுங்க. சாணி வேணாம், சாம்பல் கொஞ்சம் போதும்" என்றான். மழை நின்றது. இந்தத் தடவை நான் விடவில்லை. ஒரு முழ ஆழம் தோண்டி, மண் முழுவதையும் கம்பி வலையில் சலித்து, செங்கல் துண்டுகளைப் பொறுக்கிச் சாடிக்குப் பின்னால் குவித்தேன். அளவுகோல் வைத்துக் கோடு இழுத்து, ஒரு விரல்கணு ஆழத்தில் விதைத்தேன். ஒரு விதைகூட வீணாக்காமல் எல்லாவற்றையும் போட்டேன். மூன்றாம் நாள் முளைத்தது. அத்தனையும் முளைத்தது. பச்சைக் கம்பளம் மாதிரி நெருக்கமாக, கோணல் இல்லாமல். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாக்க அழகாத்தான் இருக்கு" என்றாள். அந்த 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, தூ நம் வீட்டுக்கு வந்தான். பாத்தியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஷெஃப், மூணுல ரெண்டைப் பிடுங்குங்க. இன்னைக்கே."

"எதுக்கு? எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கறதாலதான் சொல்றேன். எல்லாம் நல்லா இருந்தா ஒண்ணும் உருப்படாது. கீழ பருக்க எடம் வேணாமா?"

"முளைச்சதைப் பிடுங்கிப் போடவா மண்ணைச் சலிச்சேன்?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "ஷெஃப், நீங்கதானே போன வாரம் சொல்லிக் குடுத்தீங்க? ரெண்டு ரேடியோ நிலையம் ஒட்டி ஒட்டி நின்னா ரெண்டும் கேக்காது, நடுவுல எடம் விடணும்னு. முள்ளங்கிக்கு மட்டும் வேற சட்டமா?"

பதில் இல்லாதபோது மனிதனுக்குக் கோபம் வரும் என்பதைக் குறித்துக்கொள். உனக்கும் வரும், என் மகள்தானே. "உனக்கு என் நாற்காலி போதாதா, என் முள்ளங்கியும் வேணுமா?" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நீ வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். "அந்த மாமாவை ஏன் திட்டினே பப்பா?" என்றாய். உன்னையும் உள்ளே போகச் சொன்னேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அந்த நாள் வந்தது. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போக வேண்டும் என்பது முதலிலேயே பேசியதுதான்; பிரெஞ்சுக்காரன் விட்டுப் போகிற ஊரிலிருந்து, அவன் ஏற்கெனவே விட்டுப் போய்விட்ட காரைக்காலுக்கு. கப்பல் ஜனவரியில் என்று சொல்லியிருந்தார்கள். நாற்பத்தைந்து நாளுக்குள் முள்ளங்கி, அம்மா நம் வீட்டுச் சாம்பார் சாப்பிட்டுவிட்டுக் கப்பல் ஏறுவாள் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். அன்று மத்தியானம் வேலையிடத்துக்கு ஒரு காகிதம் வந்தது. கப்பலை முன்னால் தள்ளிவிட்டார்கள். ஆறு நாளில் புறப்பாடு. ஏன் என்று கேட்டால், படையாட்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டுமாம், அதனால் மற்றவர்கள் கிடைத்த கப்பலில் ஏறிக்கொள்ள வேண்டுமாம். அங்கே கத்தினேன். கத்தினால் யார் கேட்பது? அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெயிலில் சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வந்து, முகம் கழுவச் சாடிப் பக்கம் போகிறேன், கிழக்கு ஓரத்தில் பாத்தி கிழிந்து கிடக்கிறது. கை கையாகப் பிடுங்கியிருந்தது. நீ மண்ணில் உட்கார்ந்திருந்தாய். கை நிறைய முளைகள்.

"பப்பா, அம்மாவுக்கு..." என்று ஆரம்பித்தாய்.

"வாயை மூடு" என்றேன். அடித்தேன்.

நீ அழவில்லை. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாய். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "ஒரு கீரைக்குப் புள்ளையப் போட்டு அடிப்பாங்களா? என்ன வந்துச்சு உங்களுக்கு?" என்றாள். எனக்கு என்ன வந்தது என்று சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்துக் காட்டினேன். அவள் படித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. நீ கீழே போட்ட முளைகளையெல்லாம் பொறுக்கி, குச்சியால் துளை போட்டு மறுபடி நட்டேன். கத்தரி நாற்றையும் மிளகாய் நாற்றையும் அப்படித்தானே நடுகிறார்கள்? முள்ளங்கி அதற்கு ஒத்துக்கொள்ளாது. மறுநாள் காலையில் அத்தனையும் சுருண்டு மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. இதில் தத்துவம் ஏதும் தேடாதே. ஊர்விட்டு ஊர் போகிறவர்களைப் பற்றி நான் மறைமுகமாகச் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. முள்ளங்கி முள்ளங்கிதான். நட்ட இடத்தில் விளையும், பிடுங்கி நட்டால் சாகும். மனிதர்கள் அப்படி இல்லை. பிடுங்கி நட்டால் எரிச்சலோடு பிழைத்துக்கொள்கிறோம்.

துறைமுகத்துக்கு வண்டியில் போனோம். செட்டியார்கள் கட்டிய முருகன் கோயில் தாண்டும்போது அம்மா, நாம் மாதா கோயில்காரர்கள் என்பதையும் மறந்து, கையெடுத்துக் கும்பிட்டாள். அவ்வளவு பயம் அவளுக்கு. ஏழாவது மாதம், கூட நாலு வயதுப் பிள்ளை, ஆம்பிளைத் துணை இல்லை. கப்பல் படிக்கட்டின் கீழே நின்று, "நீங்க இங்க தனியா இருந்து முள்ளங்கி சாப்பிடுங்க" என்றாள். குத்திக்காட்டினாள் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அழாமல் இருப்பதற்காகத்தான் அப்படிச் சொன்னாள் என்று படுகிறது. நீ அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், இதை உன் அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை. அந்தக் கப்பலில் நானும் இருந்திருக்கலாம். தூ கெட்டிக்காரன். ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருந்தால் அக்டோபரிலேயே தேறியிருப்பான். நான்தான் இழுத்தேன். எந்தப் பெட்டியில் எந்தக் கோளாறு எப்படி வரும், எதைத் தட்டினால் எது சரியாகும் என்று ஆறு வருடமாக நான் எழுதி வைத்த நோட்டு ஒன்று உண்டு. அதை அவன் கண்ணில் காட்டவே இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் பாதி. அவன் தாமதமாகத் தேறினால் என் வேலை இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். காரைக்காலில் வயர்லெஸ் பெட்டிக்கு எங்கே போவது என்ற பயம். உத்தியோகம் போய்விடுமே என்று பெண்டாட்டி பிள்ளையைத் தனியாகக் கடல் தாண்ட விட்டவன் உன் அப்பன். முள்ளங்கி விஷயத்தைவிட இதுதான் பெரிய தப்பு. ஆனால் முள்ளங்கி வழியாகத்தான் இது எனக்கு உறைத்தது.

நேற்று நாற்பத்தைந்தாம் நாள். பிடுங்கினேன். நடுவிலும் மேற்கிலும் நான் கோடு இழுத்து வளர்த்த அழகான கம்பளம் இருக்கிறதே, அத்தனையும் நூல். சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, இலையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. கிழக்கு ஓரத்துக்கு வந்தேன். அங்கே மண்ணுக்கு மேலேயே வெள்ளையாகத் தோள் தெரிந்தது. இழுத்தால் வரவில்லை, இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. உன் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம். பதினொன்று. அடுத்தடுத்துப் பதினொன்று. கடைசி ஒன்றை விட்டுவிட்டுப் பத்தைப் பிடுங்கினேன்; ஒன்றில்கூட நார் இல்லை, பிளவு இல்லை.

கிழக்கில் காலை வெயில் அதிகம், அதனால்தான் என்று உடனே எனக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதையும் சோதித்துப் பார்த்தேன். அதே ஓரத்தில் சுவர்ப்பக்கம் உன் கை எட்டாத ஒரு சாண் இடம் இருந்தது, அங்கேயும் அதே வெயில்தான். அங்கே நூல். அப்புறம் சொல்ல ஒன்றுமில்லை. தூ வாயால் சொன்னான், நான் கேட்கவில்லை. நீ கையால் செய்தாய், அந்தக் கையை அடித்தேன்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இன்று காலையில் அம்மா கொழும்பில் தபாலில் போட்ட கடிதம் வந்தது. அவளுக்கு வாந்தி குறைந்திருக்கிறதாம், கப்பல் சமையல்காரர் ஒரு மலையாளத்துக்காரர், ரசம் வைத்துக் கொடுக்கிறாராம். கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: "மதலேன் நேற்றுத்தான் உங்களைப் பற்றிப் பேச்செடுத்தாள். பப்பா சாம்பார் சாப்பிட்டுச்சா என்று கேட்டாள். என்ன சாம்பார் என்றால், பப்பா முள்ளங்கி பெருசாக ரொம்ப நாள் ஆகுமாம், அதுக்குள்ள அம்மாவுக்குப் பசிக்குமாம், அதனால் அவளே சமைத்தாளாம். நீங்கள் அடித்ததும் ஒளித்து வைத்துவிட்டாளாம். சாடிக்குப் பின்னால் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று உங்களுக்கு எழுதச் சொன்னாள்."

போய்ப் பார்த்தேன். சாடிக்குப் பின்னால், நான் பொறுக்கிப் போட்ட செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் மூன்று சிரட்டைகள் வரிசையாக இருந்தன. செங்கல்லை உரசிப் பொடி எடுத்திருக்கிறாய். அதுதான் சாம்பார் பொடி. அதற்குள் முள்ளங்கி முளைகள் காய்ந்து கறுத்து நூலாகக் கிடந்தன. ஒரு சிரட்டையில் நிறைய, அது அம்மாவுக்கு. ஒன்றில் கொஞ்சம். மூன்றாவதிலும் அவ்வளவே. ஒன்று உனக்கு என்றால் மற்றது யாருக்கு என்று நீ சொல்லத்தான் வேண்டுமா? அந்திநேரம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மேலே விமானங்கள் போய்க்கொண்டே இருந்தன.

பிறகு ஐந்து முள்ளங்கியைக் கயிற்றில் கட்டிக்கொண்டு தூ தங்கியிருக்கிற அறைக்குப் போனேன். அவன் கதவைத் திறந்து முள்ளங்கியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பிடுங்கினீங்களா ஷெஃப்?"

"நான் இல்லை. என் பொண்ணு."

"அவளுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லை. அம்மாவுக்குப் பசிக்கும்னு பிடுங்கியிருக்கா."

அவன் சிரிக்கவில்லை. நல்ல பையன் என்று சொன்னேன் அல்லவா. நோட்டை அவன் கையில் கொடுத்தேன். அங்கேயே நின்று நாலு பக்கம் புரட்டினான். "இது முன்னமே குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். "தெரியும்" என்றேன். "திங்கக்கிழமை பரீட்சை மாதிரி கேப்பேன். தேறலேன்னா உதைப்பேன்." "தேறுவேன் ஷெஃப்" என்றான். தேறுவான். அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அதற்கடுத்த கப்பலில் இடம் கேட்டு எழுதிக் கொடுத்தாயிற்று. வேலை? தெரியாது. காரைக்காலில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டால் ஒருவன்கூட வர மாட்டான் என்று நினைக்கிறேன். பார்க்கலாம். உன் தம்பியோ தங்கையோ பிறக்கிற நேரத்தில் வாசலில் நிற்க வேண்டும். இப்போதைக்கு அதுதான் முடிவு.

அம்மாவுக்கு மூன்று முள்ளங்கியை உப்பில் ஊறவைத்திருக்கிறேன். தூ சொன்ன பக்குவம்; அதுவரை கெடாதாம். பாத்தியில் ஒன்றைப் பிடுங்காமல் விதைக்கு விட்டிருக்கிறேன். பூத்துக் காய்த்து நெற்று உலர எனக்குப் பிறகும் நாளாகும். அதை எடுத்துத் தபாலில் அனுப்புவது தூவின் பொறுப்பு. மீதி இரண்டை நானே சாம்பார் வைத்தேன். பருப்பு வேகவில்லை. ஆனால் முள்ளங்கி நன்றாக இருந்தது, மதலேன். கசப்பே இல்லை.

உன்னிடம் மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதிப் பார்த்தேன். சின்னப் பிள்ளையிடம் கேட்க வேண்டியதை வளர்ந்த பெண்ணிடம் கேட்பது ஏமாற்று வேலையாகப் பட்டது, அந்த வார்த்தையை அடித்துவிட்டேன். நீ செய்தது சரி. நான் செய்தது தப்பு. இதற்கு மேல் அலங்காரம் வேண்டாம்.

உனக்கென்று ஒரு வீடும், வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு மண்ணும் இருந்தால் முள்ளங்கி போடு. ஆழத் தோண்டிக் கல் பொறுக்கு. சாணத்தை அள்ளிக் கொட்டாதே. உன் ஊர் வானத்தைப் பார்த்து விதை. பத்தாம் நாள், முளைத்ததெல்லாம் அழகாக நிற்கும்போது, மனதைக் கல்லாக்கிக்கொண்டு பிடுங்கு. எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று எந்தப் பாக்கெட்டையும் பார்க்காதே. நேற்று அந்தப் பதினொன்றும் நின்ற இடங்களுக்கு நடுவில் அளவுகோல் வைத்து அளந்தேன். அளவுகோலில் வந்த எண்ணை உனக்குச் சொல்லப் போவதில்லை. என் மூன்று விரல். அதாவது, நாலு வயதுப் பிள்ளையின் ஒரு பிடி.

உன் அப்பா